மரியோவின் மீசை: வீடியோ கேமில் கிராபிக்ஸ் செய்யும் வேலை

1981-ல், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் வேலை பார்த்த ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞர், 'டாங்கி காங்' என்ற, கடையில் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் விளையாட்டுக்கு ஒரு நாயகனை வரைய உட்கார்ந்தார். அவருக்குக் கிடைத்த இடம் குறுக்கே 16 கட்டம், நெடுக்கே 16 கட்டம். அதற்குள் வாய் வரைந்தால் அது வாயாகத் தெரியாது. எனவே உருண்டை மூக்கு ஒன்றை வைத்து, அதன் கீழே மீசையை ஒட்டினார். தலைமுடியை வரைந்தால் குதிக்கும்போது அது பறந்தாக வேண்டும். தொப்பி போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஓடும்போது கை வீசுவது கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, கைக்கு ஒரு நிறம், உடம்புக்கு வேறு நிறம் என்று வருமாறு தோள்வார் வைத்த வேலைக்கார உடுப்பை மாட்டினார். உலகமே அறிந்த மரியோவின் தோற்றம் இப்படித்தான் உருவானது.

என் அண்ணன் மகனுக்கு இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. அவனுடைய கணக்கு நோட்டில் 16-க்கு 16 கட்டம் போட்டுக் கொடுத்து, "நீயே ஒரு முகம் வரை" என்றேன். வாய்க்காக ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினான். மச்சம் போல இருந்தது. இரண்டு கட்டம் ஆக்கினான். பல் விழுந்த கிழவர் வந்தார். அழித்துவிட்டு, மூக்குக்குக் கீழே நான்கு கட்டத்தை வரிசையாகக் கறுப்பாக்கினான். சட்டென்று ஒரு ஆள் நோட்டிலிருந்து எங்களைப் பார்த்தார்.

அவன் அப்போது புது போன் வேண்டுமென்று அப்பாவிடம் வாதாடிக்கொண்டிருந்தான். "கிராபிக்ஸ் நன்றாக இருந்தால்தானே கேம் நன்றாக இருக்கும், சித்தப்பா?" என்று என்னையும் துணைக்கு அழைத்தான். நியாயமான கேள்விதான். கேம் விளையாடாத பெற்றோர்களும், புதிதாக விளையாடத் தொடங்கும் பெரியவர்களும் இதையே கேட்கிறார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. காரணம், 'கிராபிக்ஸ்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகளைப் போட்டு மூட்டை கட்டி வைத்திருக்கிறோம்.

முதலாவது, கருவியின் பலம். திரை என்பது சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகளின் கூட்டம். அந்தப் புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். முழு எச்டி திரையில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. 4கே திரையில் அதைப் போல நான்கு மடங்கு, 82,94,400. இந்தப் படம் ஒவ்வொரு நொடியும் பலமுறை புதிதாக வரையப்படுகிறது. அப்படி வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால், ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கருவிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் 17 பங்குகூட இல்லை. அந்த நேரத்துக்குள் நிழல் எங்கே விழும், தண்ணீரில் எது தெரியும், துணி எப்படி மடியும் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டாக வேண்டும். கிராபிக்ஸ் கார்டுகளின் விலை ஏறுவது இந்தக் கணக்கின் வேகத்துக்காகத்தான்.

இரண்டாவது, வரையும் பாணி. ஒரே மரத்தைப் புகைப்படம் போலவும் காட்டலாம், கோலப்பொடியில் போட்டது போலவும் காட்டலாம். இது பணத்தைவிடக் கலைஞரின் கண்ணைப் பொறுத்தது.

மூன்றாவது, தெளிவு. என்ன நடக்கிறது, எது ஆபத்து, எங்கே போகலாம் என்பது ஒரு பார்வையில் புரிகிறதா? மரியோவின் மீசையும் உடுப்பும் செய்த வேலை இதுதான். பேச்சில் அதிகம் அடிபடாவிட்டாலும், மூன்றில் விளையாடுபவரின் கையோடு நேரடியாகத் தொடர்புடையது இதுவே என்பது என் எண்ணம். 2007-ல் வெளிவந்த 'டீம் போர்ட்ரஸ் 2' என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஒன்பது வகை வீரர்கள் இருக்கிறார்கள். நிழலுருவத்தை மட்டும் பார்த்தாலே இவர் பருத்த பலசாலி, இவர் மருத்துவர், இவர் ஒற்றர் என்று சொல்லிவிடும்படி ஒவ்வொருவரின் உடற்கட்டையும் நிற்கும் தோரணையையும் திட்டமிட்டு வரைந்தார்கள். தூரத்தில் ஓடி வருவது யாரென்று அரை நொடியில் தெரிந்தால்தான் சுடுவதா ஓடுவதா என்று முடிவெடுக்க முடியும்.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். படத்தின் அழகுக்கு ஒரு வரிசையும், பிரேம் வேகத்துக்கு இன்னொரு வரிசையும் இருக்கும். நன்றாக விளையாடுகிறவர்களில் பலர் படத்தை 'ஸ்மூத்' போன்ற கீழ்ப்படிக்கு இறக்கிவிட்டு, பிரேம் வேகத்தைத் தங்கள் போன் தாங்கும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். 'கவுண்டர்-ஸ்டிரைக்' போட்டி வீரர்களும் அப்படித்தான். விலையுயர்ந்த கணினியை வைத்துக்கொண்டு, படத்தின் அளவைப் பழைய காலத்து 1280-க்கு 960 என்று குறைத்துக்கொள்பவர்கள் அவர்களிடையே ஏராளம். விரல் அழுத்தியதும் திரை உடனே அசைய வேண்டும், எதிரி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அவர்களின் தேவை. புல்லின் ஒவ்வோர் இதழும் காற்றில் ஆடுவது அவர்களுக்கு இடைஞ்சல்.

தத்ரூபமும் நம்பகமும்

இந்த விஷயத்தில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். ஓவியத்தைப் பார்த்து 'தத்ரூபமாக இருக்கிறது' என்று சொல்கிறோம். அசல் போலவே கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். கேமில் தேவைப்படும் இன்னொன்று நம்பகம். இந்த உலகத்துக்கென்று ஒரு நியதி இருக்கிறது, அது என்னை ஏமாற்றாது என்ற உணர்வு. முதலாவது கண்ணுக்கு, இரண்டாவது கைக்கு. கடையில் காட்டும் விளம்பரப் படத்தில் தத்ரூபம் தெரியும். நம்பகத்தை விளையாடித்தான் அறிய முடியும்.

2017-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆப் செல்டா: பிரெத் ஆப் தி வைல்ட்' இதற்கு நல்ல உதாரணம். பார்வைக்கு அது வண்ணம் தீட்டிய சித்திரக் கதை. யாரும் அதைப் புகைப்படம் என்று நினைக்க மாட்டார்கள். ஆனால் காய்ந்த புல்லில் தீ வைத்துப் பாருங்கள். தீ பரவும், சூடான காற்று மேலே எழும்பும், கையிலிருக்கும் காற்றுப் பாயை விரித்தால் அந்தக் காற்றே உங்களைத் தூக்கிச் செல்லும். ஆப்பிள் மரத்துக்குக் கீழே தீ பிடித்தால் கிளையில் இருக்கும் ஆப்பிள் சுட்ட ஆப்பிளாகிவிடும். மழை பெய்தால் பாறை வழுக்கும். இடி மின்னலின்போது இரும்பு வாளை முதுகில் சுமந்துகொண்டு நின்றால் வாளில் பொறி தட்டும். கழற்றி வைக்காவிட்டால் மின்னல் உங்கள் மீதே இறங்கும். எனக்கு முதல் முறை மின்னல் விழுந்தபோது காரணம் புரியவில்லை. இரண்டாவது முறை பொறியைக் கவனித்தேன். மூன்றாவது முறை, அந்த வாளைக் கழற்றி எதிரிகள் கூடியிருந்த இடத்தில் வீசிவிட்டு விலகி நின்றேன். மின்னல் அவர்கள் நடுவே விழுந்தது. இப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த உலகம் தன் சொல்லைக் காப்பாற்றும் என்று தெரிந்ததால் நானாகக் கண்டுபிடித்தேன். அன்று அடைந்த மகிழ்ச்சியை வேறு எந்தப் பளபளப்பான நிழலும் எனக்குத் தந்ததில்லை.

நம்பகத்துக்காக அசல் உலகத்தின் விதியை மீற வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மரியோ குதித்தபின் நடுவானில் திசை மாற்றலாம். பொத்தானைச் சற்று அதிக நேரம் அழுத்திப் பிடித்தால் அதிக உயரம் போகலாம். இயற்பியல் ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார், விரல் ஒப்புக்கொள்ளும். 2018-ல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேறும் கேமில் இன்னும் நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்கு வந்த பிறகும், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பொத்தானை அழுத்தினால் குதிப்பு செல்லும். கேம் உருவாக்குபவர்கள் இதைக் 'கயோட்டி டைம்' என்பார்கள். இது இல்லாவிட்டால், "நான் சரியாகத்தானே அழுத்தினேன், ஏன் விழுந்தேன்?" என்று எரிச்சல் வரும். அசலுக்கு மாறான அந்தச் சலுகையால்தான் ஆட்டம் நியாயமாக நடப்பது போலத் தோன்றுகிறது.

நமக்கு இது புதிதல்ல. ஆடுபுலி ஆட்டத்தில் புலி என்பது ஒரு கல், ஆடு என்பது ஒரு புளியங்கொட்டை. மூன்று புலிகளையும் மடக்கி நகரவிடாமல் செய்யும்போது ஏற்படும் பரபரப்புக்குக் கல்லில் புலியின் வரிகளை வரைந்திருக்க வேண்டியதில்லை. கல் புலியைப் போல நடந்துகொள்கிறது, தாவி வெட்டுகிறது, அது போதும்.

தத்ரூபத்தைக் கூட்டப்போய் வேகம் குறைந்த கதையும் உண்டு. 2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேம் 1899-ம் ஆண்டு அமெரிக்காவைக் காட்டுகிறது. பனியில் நடந்தால் கால்தடம் பதியும், நாயகனின் தாடி நாளுக்கு நாள் வளரும், துப்பாக்கியைத் துடைக்காவிட்டால் அழுக்கேறும். ஓர் அலமாரியில் நான்கு இழுப்பறை இருந்தால், நான்கையும் கையால் இழுத்துத் திறந்து, பொருளை எடுப்பதை முழுதாகக் காட்டும். இந்த நிதானத்துக்காகவே அதை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள்; நானும் அவர்களில் ஒருவன். ஆனால் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் விளையாட உட்காரும் ஒருவர் அந்த இழுப்பறைகளோடு பொறுமை இழந்தால், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

தத்ரூபமே உயிராக இருக்கும் இடங்கள்

இதுவரை சொன்னதை வைத்து, தத்ரூபம் வெறும் ஆடம்பரம் என்று நினைத்துவிட வேண்டாம். சில கேம்களில் ஆட்டமே அதுதான்.

'மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர்' 1982-ல் முதன்முதலாக வந்தபோது, வெளியே தெரிந்த உலகம் சில கோடுகளும் நிறப் பட்டைகளும்தான். ஆனால் விமானத்தின் முகப்பில் இருந்த கருவிகள் விமானத்தின் கருவிகளைப் போல நடந்துகொண்டன. அது போதுமானதாக இருந்தது. 2020-ல் வந்த பதிப்பு மைக்ரோசாப்டின் பிங் இணைய வரைபடத்தின் வான்வழிப் படங்களைக் கொண்டு பூமி முழுவதையும் திரைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தரவு 2 பெட்டாபைட்டுக்கு மேல், அதாவது 20 லட்சம் ஜிபிக்கு மேல். அப்போதைய வானிலையையும் காட்டியது. ஊரடங்கில் உலகம் வீட்டுக்குள் கிடந்த ஆண்டு அது. பலர் முதலில் பறந்து போனது தங்கள் சொந்த ஊருக்குத்தான். சித்திரப் பாணியில் வரைந்த ஊர் ஒன்று அந்த ஏக்கத்தைத் தீர்த்திருக்காது.

2011-ல் வந்த 'எல்.ஏ. நுவார்' இன்னொரு வகை. 1947-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் நீங்கள் துப்பறியும் போலீஸ்காரர். எதிரே உட்கார்ந்திருப்பவர் உண்மை சொல்கிறாரா, பொய் சொல்கிறாரா என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண் எங்கே போகிறது, உதடு எப்படி இறுகுகிறது என்பவை தெரியாவிட்டால் ஆட்டமே இல்லை. அதற்காக நடிகர்களை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் 32 கேமராக்களைக் கொண்டு அவர்களின் முகங்களைப் பதிவு செய்தார்கள். மரியோவின் மீசைக்கும் இந்த 32 கேமராக்களுக்கும் இடையே 30 ஆண்டு இடைவெளி இருந்தாலும் இரண்டும் செய்தது ஒரே வேலை: ஆடுபவருக்குத் தெரிய வேண்டியதைத் தெரியவைத்தன.

மனித முகத்தை நெருங்குவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் 1970-ல் இதை எழுதினார். ஒரு பொம்மை மனிதனை ஒத்துப்போகப் போக நமக்கு அதன்மீது பிரியம் கூடுகிறது. ஆனால் ஏறக்குறைய மனிதனாகவே ஆகி, இன்னும் ஒரு சிறு குறை மட்டும் மீதமிருக்கும் கட்டத்தில் அந்தப் பிரியம் பள்ளத்தில் விழுந்து, ஒருவித அருவருப்பாக மாறிவிடுகிறது. தோலின் துவாரம்வரை தெரிந்தும் கண் மட்டும் உயிரில்லாமல் நிலைகுத்தி நிற்கும் கேம் முகங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மரியோவுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை.

காலமும் பாணியும்

2000-ம் ஆண்டு நின்டெண்டோ தன் புதிய கன்சோலின், அதாவது கேம் விளையாடுவதற்கென்றே செய்த கருவியின், பலத்தைக் காட்ட, செல்டா தொடரின் நாயகன் லிங்க் தத்ரூபமாக வாள்வீசும் ஒரு சிறு காட்சியை வெளியிட்டது. ரசிகர்கள் அதுதான் அடுத்த கேம் என்று நம்பினார்கள். அடுத்த ஆண்டு காட்டப்பட்டதோ பெரிய கண்ணும் தடித்த கோடுமாகக் கார்ட்டூன் பையன் ஒருவன். ஏமாற்றமும் கோபமும் பெருகின. 2002-ன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த அந்த 'விண்ட் வேக்கர்' இன்று போட்டாலும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. கடலின் நீலம், புகையின் சுருள், பையனின் முகத்தில் ஓடும் பயம் எதுவும் பழையதாகவில்லை. அதே காலத்தில் 'அசலைப் போலவே இருக்கிறது' என்று நாங்கள் வாய்பிளந்து பார்த்த பல கேம்களின் முகங்கள் இன்று களிமண் பொம்மைகளாகத் தெரிகின்றன. தத்ரூபத்தில் போட்டி போடுபவரை, அடுத்த ஆண்டு வரும் கருவி முந்திவிடும். பாணிக்கு அந்தப் போட்டி கிடையாது.

கருவியின் போதாமையே பாணியாக மாறியதும் உண்டு. 1999-ல் பிளேஸ்டேஷனில் வந்த 'சைலண்ட் ஹில்' என்ற திகில் கேமில் ஊர் முழுவதும் மூடுபனி. தூரத்தில் இருப்பதை வரைய அந்தக் கன்சோலுக்குச் சக்தி போதாது. அதை மறைக்கப் பனி உதவியது. ஆனால் பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நடப்பதைவிடப் பெரிய திகில் எது? அதைவிடப் பழைய கதை 1978-ன் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. திரையில் 55 வேற்றுக்கிரகவாசிகள். எல்லாரையும் நகர்த்த அந்தக் கருவி திணறியது. சுடச் சுட எண்ணிக்கை குறைந்தது, கருவியின் சுமையும் குறைந்தது, மீதமிருந்தவர்கள் வேகமாக இறங்கினார்கள். உருவாக்கிய டொமொஹிரோ நிஷிகாடோ அதைப் பிழை என்று திருத்தாமல் அப்படியே விட்டார். கடைசி ஒருவன் பாய்ந்து வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது அந்த முடிவால்தான்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான சான்றையும் சொல்ல வேண்டும். 'டுவார்ப் போர்ட்ரஸ்' என்ற கேமை அமெரிக்காவில் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006 முதல் இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். மலைக்குள் கோட்டை குடையும் குள்ளர்களின் கதை. ஒவ்வொரு குள்ளனுக்கும் மனநிலை, நினைவு, நட்பு, பகை எல்லாம் கணக்கில் உண்டு. ஆனால் திரையில் தெரிவது எழுத்துகளும் குறிகளும் மட்டும். பழகியவர்கள் அந்தக் குறிகளுக்குள் ஒரு காவியத்தையே பார்த்தார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம்கூட அதைத் தன் தொகுப்பில் சேர்த்தது. ஆனாலும் அருகில் வந்த பலர் அந்தக் குறிகளைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். 2022 டிசம்பரில் அதே விளையாட்டு எளிய சித்திரங்களோடு, சுட்டியால் இயக்கும்படி விற்பனைக்கு வந்தது. சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். உள்ளே இருந்த விளையாட்டின் ஆழம் பழையதுதான். படம் ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அந்தப் படங்களும் தத்ரூபமானவை இல்லை என்பதைக் கவனியுங்கள். இவன் குள்ளன், இது கட்டில், இது நாய் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

என் அண்ணன் மகனுக்குச் சொன்ன நடைமுறை யோசனை இது. விளையாட விரும்பும் கேமை முதலில் சொல். அது விரைவாகச் சுடும் விளையாட்டு என்றால் நிலையான பிரேம் வேகத்தைப் பார். அரை மணி நேரத்தில் சூடேறித் தடுமாறாத போனாக இருக்க வேண்டும். உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் விளையாட்டு என்றால் திரையின் தரத்துக்குக் கூடுதலாகச் செலவு செய்வதில் தவறில்லை. செட்டிங்ஸில் எதையாவது குறைக்க வேண்டி வந்தால் முதலில் நிழலைக் குறை. கருவிக்கு அது பெரிய சுமை, கண்ணுக்கு அது சிறிய இழப்பு. விளம்பரப் படத்தை நம்பாதே; யாராவது உண்மையில் விளையாடும் காணொளியைப் பத்து நிமிடம் பார்.

அப்புறம் அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். 1997-ல் ஜப்பானில் கென்ஜி ஏனோ என்பவர், பார்வையற்றவர்களும் மற்றவர்களைப் போலவே விளையாட வேண்டுமென்று 'ரியல் சவுண்ட்' என்ற கேமை சேகா சாட்டர்ன் கன்சோலுக்காக உருவாக்கினார். அதில் படமே கிடையாது, குரலும் ஓசையும் மட்டும். குறிப்புகள் பிரெய்ல் எழுத்தில் இருந்தன. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆப் அஸ் பார்ட் 2' தத்ரூபத்தின் உச்சத்தில் இருக்கும் கேம்களில் ஒன்று. அதிலும் மாற்றுத்திறனாளிகளும் விளையாட உதவும் 60-க்கு மேற்பட்ட அணுகல் வசதிகளை வைத்திருக்கிறார்கள். ஓசைக் குறிப்புகளின் துணையோடு, பார்வையற்றவர்கள் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை விளையாடி முடித்திருக்கிறார்கள்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் பழைய போனை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, எதிரியின் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்று கவனிக்கத் தொடங்கினான்.